பராமரிப்போருக்கான கலை ஓய்வு முகாம்: கேள்வி பதில்

நோயாளிகளையும் முதியோரையும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனவர்களுக்காக, செங்கல்பட்டுக்கு அருகே ஒரு தோப்பு வீட்டில் மூன்று நாள் முகாம்கள் நடத்தி வருகிறேன். மண் பிசைவது, எழுதுவது, ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் கிடப்பது ஆகியவையே அங்கே நடப்பவை. அதற்கு முன்பு பதினெட்டு ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்தேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய். ஆறு ஆண்டுகளாக நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று நாள் விட்டுவிட்டு வந்தால் அது துரோகம் ஆகாதா அக்கா? (திருச்சியிலிருந்து ஒரு மகள்)

ஆகாது அம்மா. ஆனாலும், கவலைப்படாமல் கிளம்பி வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கவலையில் பாதி நியாயமானது. வாழைப்பழத்துக்குள் வைத்தால்தான் அம்மாவுக்கு மாத்திரை இறங்கும் என்பதும், பொழுது சாயும் நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடப்பார் என்பதும் உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும் வரையில், உடம்பு தோப்பில் இருந்தாலும் மனம் திருச்சியிலேயே நிற்கும். ஆகவே, மருத்துவமனையில் நாங்கள் பணி மாறும்போது, அடுத்து வருபவரிடம் நோயாளியின் விவரங்களைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் கொடுப்பதுபோல நீங்களும் கொடுக்க வேண்டும். பொறுப்பேற்பவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடட்டும். முதல் நாள் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். மறுநாள் அவர் செய்வதை நீங்கள் பாருங்கள், குறுக்கே கை நீட்டாமல். எந்த வேளைக்கு எந்த மருந்து, எந்தப் பாட்டைக் கேட்டால் அடங்குவார், எந்தப் பெயரைச் சொன்னால் அழுவார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உடன்பிறந்தவர்களிடம் "முடிந்தால் வா" என்று கேட்காமல், தேதியைச் சொல்லிக் கேளுங்கள். முகாம் என்பது இந்த ஏற்பாட்டில்தான் தொடங்குகிறது. இது சரியாக அமையாமல் வந்தவர்கள் எவரும் ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம். அவனை எங்கே விட்டு வருவது? ஆண்களும் வரலாமா? (சேலத்திலிருந்து ஒரு தந்தை)

தாராளமாக வரலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த, ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்காகவும் செயல்படுகிறது. நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் தங்குமிடப் பராமரிப்பு தரும் ‘சமர்த்’ திட்டம் அதனுடையதே. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்படிப்பட்ட தங்குமிடம் கிடைத்தால், மகனை அங்கே முதலில் ஒரு பகல் மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு இரவு தங்க வையுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். நோயாளி இறந்தால்கூட இப்போது எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. இது நோயா? (கோவையிலிருந்து ஒரு செவிலியர்)

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு, பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் வேலை சார்ந்த நிலையாகக் கொள்கிறது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நாம் செய்வதால் பயனில்லை என்ற எண்ணம். நீங்கள் சொல்வது இரண்டாவதைச் சேர்ந்தது. மனம் மரத்துப்போவதைக் கல்நெஞ்சம் என்று நீங்களே பழித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் விடுமுறை நாட்களிலும் எதிலும் பிடிப்பில்லாமலும், உறக்கமும் பசியும் கெட்டும், இருந்து என்ன பயன் என்ற நினைப்போடும் நாட்கள் கழிந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது முகாமுக்கு வருவதற்கு முன்பு மருத்துவரைப் பாருங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

எனக்குப் படம் வரையவே வராது. அங்கே வந்து என்ன செய்வேன்?

முதல் நாள் யாரையும் எதுவும் செய்யச் சொல்வதில்லை. தொடக்க காலத்தில் காலை ஆறு மணி யோகாவிலிருந்து இரவு வரை நிகழ்ச்சிகளை நிரப்பி வைத்தேன். அது என் பிழை. அந்த முறை வந்த ஒரு செவிலியர் இரண்டு நாட்களைத் தூங்கியே கழித்தார். எழுப்பப் போன எனக்கு, அவருடைய தேவை அதுதான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

இரண்டாம் நாள் களிமண் தருகிறேன். மண்ணைப் பிசைகையில் கை நிறைய ஈரம் இருப்பதால் கைப்பேசியைத் தொட முடியாது என்பதே பெரிய நன்மை. படுக்கையில் கிடக்கும் கணவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்துப் பழகிய ஓர் அம்மா, மண்ணுருண்டையையும் அதே பதமான கையால் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று கட்டைவிரலை அதன் நடுவே அழுத்திக் குழியாக்கிவிட்டு, "இதுக்கு வலிக்காதுல்ல" என்றார். அந்தக் குழிதான் பிற்பாடு விளக்காயிற்று.

அமெரிக்காவில் கலைவழிச் சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் கலைப்பொருள்களோடு இருந்தபின், ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற, மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஆகவே அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அழச் சொல்வீர்களா? நாள் முழுக்கப் பிறர் துயரத்தைக் கேட்பதுதான் என் வேலை. (வலி தணிப்புப் பிரிவில் பணிபுரியும் சமூகப் பணியாளர்)

மாட்டேன். கேட்டுக் கேட்டு ஓய்ந்த காதுக்கு மேலும் பத்துப் பேரின் கதை சுமைதான். அங்கே எழுதுவது உண்டு, வாசித்துக் காட்டுவது இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள் தங்கள் வேதனையை எழுதினார்கள். எழுதியவுடன் மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் செல்வது குறைந்தது. அந்தக் கனம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தாளைத் தருகிறேன். எழுதியதைக் கிழித்து மண்தொட்டி நீரில் ஊறப்போடுவோரும் உண்டு.

எங்கள் மருத்துவமனையில் நாற்பது பேருக்கு ஒரே நாளில் நடத்தித் தர முடியுமா? (நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்)

இயலாது ஐயா. பன்னிரண்டு பேருக்கு மேல் நான் எடுப்பதில்லை. அத்துடன், உங்கள் செவிலியர்கள் தொடர்ந்து இரட்டைப் பணி பார்க்கிறார்கள் என்றால், முதலில் ஆள் போடுங்கள். முகாமுக்கு வரும் நாட்களை அவர்களுடைய சொந்த விடுப்பில் கழிக்காதீர்கள்.

திரும்பிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே?

முழுவதும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீடு சேரும் நாளில் மாற்று ஆளை உடனே அனுப்பிவிடாமல், மறுநாள் காலை வரை இருக்கச் சொல்லுங்கள். அன்றிரவாவது தடையின்றி உறங்குவீர்கள். வாரத்தில் எந்த அரை மணி நேரம் உங்களுடையது என்பதையும் அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கிலோ களிமண்ணை ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கிறேன். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் வாரக்கணக்கில் இளகியே இருக்கும். இறுகினாலும் நீர் தெளித்து இரவு முழுக்க மூடி வைத்தால் மறுநாள் பிசையலாம்.