ஐந்து பெட்டி வாங்கினேன், மூன்றை விற்றேன்: லாபமா, பாவமா?

கேள்வி: ஐயா, புதிதாக வெளிவந்த கேம் கன்சோல் ஒன்றை முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஐந்து வாங்கினேன். ஒருவருக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு இருந்ததால் என் கணக்கு, அம்மா கணக்கு, அக்கா கணக்கு, நண்பர்கள் இருவரின் கணக்கு என்று பிரித்துப் பதிவு செய்தேன். பணம் முழுவதும் என் கிரெடிட் கார்டில். இரண்டே வாரத்தில் மூன்றை நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டேன். இரண்டு கையில் இருக்கின்றன. இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த வெளியீட்டின்போது, அவசரத் தேவைக்கென்று வங்கியில் போட்டு வைத்திருக்கும் ஆறு மாதச் செலவுப் பணத்தை எடுத்து இருபது வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அக்கா இதைப் ‘பிளாக்கில் விற்பது’ என்கிறார். குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்பதுதானே எல்லா வியாபாரமும்? இதில் தவறு என்ன?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: நியாயம் பேசுவதற்கு முன் கல்லாவை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வரவு செலவுத் துண்டை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க, ஒரு பெட்டியின் கடை விலையை 100 என்று மாற்றி எழுதுகிறேன்.

மூன்று பெட்டிகளையும் 145, 140, 130 என்று விற்றிருக்கிறீர்கள். மொத்தம் 415. வாங்கிய விலை 300. ‘லாபம் 115’ என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டை அவசரப்பட்டுப் போட்டுவிட்டீர்கள். விற்பனைத் தளம் எடுத்துக்கொண்ட 12 சதவீதக் கட்டணம் சுமார் 50. பெட்டி கட்டி கொரியரில் அனுப்பியது, ஒன்றுக்கு 4 வீதம் 12. மிச்சம் 53. கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீத வட்டி என்கிறீர்கள். முதல் மாதம் 500க்கு 15, அடுத்த மாதம் மீதிக் கடனுக்கு ஏறக்குறைய 5. இப்போது கையில் 33.

இனி அலமாரியில் இருக்கும் இரண்டு பெட்டிகள். அதே கன்சோல் இன்று கடைகளில் 100க்கே கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சீல் உடைக்காமல் இருந்தாலும், முன்பின் தெரியாத உங்களிடம் யாரும் 100 கொடுக்கப் போவதில்லை. 92க்குப் போனால் நல்ல விலை. கட்டணமும் கொரியரும் கழிந்து 77 வரும். ஒன்றுக்கு 23 வீதம் இரண்டுக்கும் 46 நஷ்டம். 33லிருந்து 46ஐக் கழித்தால் கைப்பணம் 13 போயிருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஐந்து திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததற்கு நான் கூலியே போடவில்லை. முதலுக்கே மோசமான இந்தக் கணக்கை நான்கு மடங்காக்கத்தான் அவசரகாலப் பணத்தை எடுக்கப் போகிறேன் என்கிறீர்கள்.

இந்தத் தொழிலில் சரக்கின் விலை உங்கள் கையில் இல்லை. தயாரிப்பவர் இன்னொரு கப்பல் நிறையச் சரக்கை இறக்கிய அன்று உங்கள் லாபம் முடிந்தது. 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கன்சோல், சிப் தட்டுப்பாட்டால் இரண்டு வருடத்துக்கு மேல் எளிதில் கிடைக்கவில்லை. மறுவிற்பனை செய்தவர்களுக்கு அது பொற்காலம். 2023 ஜனவரியில் சோனி நிறுவனம், இனி எளிதாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. இரண்டு வருடம் நீடித்த தட்டுப்பாடு அபூர்வம். உங்களுடையது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

சரி, நியாயத்துக்கு வருகிறேன். ‘குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்பதுதானே எல்லா வியாபாரமும்’ என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஓரிடத்தில் தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தட்டுப்பாடான இடத்துக்குக் கொண்டுபோகிறவர் சம்பாதிக்கட்டும். அச்சில் இல்லாத புத்தகத்தைப் பழைய கடைகளில் தேடி எடுத்து மூன்று மடங்குக்கு விற்பவரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் தேடாவிட்டால் அது எடைக்குப் போயிருக்கும். வேலைக்குப் போகிறவருக்காக வரிசையில் நின்று, அதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக் கூலி வாங்கினாலும் நேர்மையான காசுதான்.

உங்கள் கதையில் நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் அந்த நான்கு கூடுதல் பெட்டிகளை வாங்காமல் இருந்திருந்தால் அவை யார் கைக்குப் போயிருக்கும்? திரையில் உங்களுக்கு அடுத்து காத்திருந்த நால்வருக்கு, தலைக்கு 100க்கு. அவர்களில் ஒருவரோ அவரைப் போன்ற இன்னொருவரோதான் பிறகு உங்களிடம் 145 கொடுத்து வாங்கியிருக்கிறார். பெட்டி எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போகவில்லை. யாருக்கும் நேரம் மிச்சமாகவில்லை. நடுவில் ஒருவர் வந்து நின்றார், அவ்வளவே.

‘அதிக விலை கொடுப்பவருக்குத்தானே அது அதிகம் வேண்டும்?’ என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். பாதி உண்மை. பணம் நிறைய இருப்பவர், ஆசை குறைவாக இருந்தாலும் அந்த விலையைக் கொடுத்துவிடுவார். அதைவிட முக்கியம், கூடுதல் 45 எங்கே போகிறது என்பது. தயாரிப்பவரிடம் போனால் இன்னும் கொஞ்சம் சரக்கு செய்ய அவருக்குத் தூண்டுதல் இருக்கும். உங்களிடம் வந்தால் உலகில் ஒரு கன்சோல்கூட அதிகமாகாது.

அப்படியானால் தயாரிப்பவரே ஏன் 145க்கு விற்கவில்லை? 1986இல் டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்குகிறார், இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கடைக்காரர்களுக்கு இது ஆய்வு படிக்காமலே தெரியும். நாளைக்கும் அதே வாடிக்கையாளர் வர வேண்டும் என்பதால் இன்று விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த 45 தயாரிப்பவர் தம் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்தது. ‘ஒருவருக்கு ஒன்று’ என்று அவர் வேலி போட்டதும் அதற்காகவே. நீங்கள் நான்கு பேர் பெயரைச் சொல்லி வேலி தாண்டினீர்கள். விலை ஏற்றி விற்றதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. வாங்குபவர் சம்மதித்துத்தான் 145 கொடுத்தார். ஆனால் ஐந்து பேர் என்று நீங்கள் விற்பவரிடம் சொன்னது பொய். கண்டுபிடித்தால் ஐந்து கணக்குகளையும் அவர்கள் முடக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். வாங்கிய பில் உங்கள் வீட்டார் பெயரில் இருக்கிறது. உத்தரவாதக் காலம் பொதுவாக அந்த பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கூட விலை கொடுத்தவருக்கு அதைச் சொன்னீர்களா?

நான் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வயதில் ஓர் இறுதிப் போட்டிக்கு நான்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். நண்பர்கள் இருவர் வரவில்லை. மைதான வாசலில் ஒருவர், எட்டு வயதிருக்கும் மகனோடு நின்றிருந்தார். இரண்டு மடங்கு கேட்டேன். அவர் பணப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணினார், போதவில்லை, சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து மகனின் உள்ளங்கையில் கொட்டி எண்ணச் சொன்னார். நான் பதுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, உபரியாகிவிட்ட டிக்கெட்தான். போட்டி முழுவதும் அவர்கள் எனக்குப் பக்கத்து இருக்கைகளில். இடைவேளையில் அந்தப் பையன் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. யார் வென்றார்கள் என்பது இன்று எனக்கு நினைவில்லை.

அக்கா சொன்ன ‘பிளாக்’ என்ற வார்த்தை கொஞ்சம் கூடுதல்தான். கன்சோல் இல்லாமல் யாரும் சாகப் போவதில்லை. மருந்து, குழந்தைகளுக்கான பால் பவுடர், முகக்கவசம் என்றால் இவ்வளவு நிதானமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் சகோதரர்கள் இருவர் கடை கடையாகப் போய்க் கை சுத்திகரிப்பானை வாங்கிக் குவித்தார்கள். ஆன்லைன் தளங்கள் அந்த விற்பனையை நிறுத்தியபோது 17,700 பாட்டில்கள் வீட்டில் தேங்கிவிட்டன. அரசு விசாரணை வந்தது. சரக்கை நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதே மாதம் ஜப்பான், முகக்கவசத்தை வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்தால் ஓராண்டு வரை சிறை என்று விதி போட்டது. டிக்கெட்டுகளுக்கும் பல நாடுகளில் சட்டம் உண்டு: தானியங்கி மென்பொருளால் மொத்தமாக வாங்குவதை அமெரிக்கா 2016இல் தடுத்தது, அயர்லாந்து 2021இல் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதையே தடை செய்தது. நாளை கன்சோலுக்கும் வரலாம். விதி ஒரே இரவில் மாறக்கூடிய தொழிலில் அவசரகாலப் பணத்தைப் போடுவதை எந்தக் கணக்கிலும் நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே அந்த இருபது பெட்டி யோசனை வேண்டாம். கையில் இருக்கும் இரண்டையும் இந்த வாரமே, தளத்துக்குப் போகாமல், தெரிந்தவர்கள் மூலம் 95க்கோ 90க்கோ கொடுத்துவிடுங்கள். கட்டணமும் கொரியரும் மிச்சம். பில்லின் நகலைக் கொடுத்து உத்தரவாதத் தேதியைச் சொல்லுங்கள். வந்த பணம் அன்றே கார்டுக் கடனுக்குப் போகட்டும். வங்கியில் இருக்கும் ஆறு மாதப் பணத்தைத் தொடாதீர்கள். வியாபார ஆசை விடவில்லை என்றால், பழுதான பழைய கன்சோல்களை வாங்கிச் சரிசெய்து விற்கக் கற்றுக்கொள்ளுங்கள். மெதுவான வருமானம், ஆனால் குப்பைக்குப் போக வேண்டிய ஒன்றை மறுபடி ஓட வைத்ததற்கு வாங்கும் காசு.

கடைசியாக ஒன்று. அக்காவின் கணக்கில் பதிவு செய்வதற்கு முன் அவரிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கேட்கவில்லை என்றால், அவர் கோபம் பெட்டிகளைப் பற்றியதாகவே இல்லாமல் இருக்கலாம்.