ஐந்தாம் வகுப்புக்கு ஒப்பனா: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். ஆண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு பண்பாட்டு ஆட்டம் ஆட வேண்டும். எங்களுக்கு வந்தது ‘முஸ்லிம் நடனம்’. யூடியூபில் ஒப்பனா பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். வகுப்பில் 32 பேர், அதில் 11 பேர் முஸ்லிம் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் அம்மா வந்து, “இது எங்க வழக்கத்துலயே இல்லையே டீச்சர்” என்றார். பாட்டின் பொருளும் எனக்கு விளங்கவில்லை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் அந்த அம்மா சொன்ன இடத்திலிருந்து தொடங்குங்கள். அவர் சொன்னது முழு உண்மை.

ஒப்பனா கேரளத்தின் வடபகுதியான மலபாரின் ஆட்டம். மலப்புறம், கோழிக்கோடு, கண்ணூர் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்களின் கல்யாண வீட்டுக்குச் சொந்தமானது. மணப்பெண்ணை அலங்கரித்து நடுவில் உட்கார வைத்து, தோழிகளும் உறவுப் பெண்களும் சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்கள். மாப்பிள்ளை என்பது அங்கே ஒரு சமுதாயத்தின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் கல்யாண மாப்பிள்ளை என்றே நினைத்துக்கொள்வார்கள். ஒப்பனா என்றதும் நம் காதில் ஒப்பனை என்று விழும். இந்தச் சொல்லுக்கு அரபு மூலம் சொல்வோரும் உண்டு. அதற்குள் போக வேண்டாம், ஐந்தாம் வகுப்புக்கு அது தேவையில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் வீடுகள் நிறைய. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்குள் உர்து பேசுகிறவர்கள் அதிகம். இவர்கள் கல்யாணத்தில் ஒப்பனா கிடையாது. ‘முஸ்லிம் நடனம்’ என்று ஒரே பெயரில் மேடையேற்றினால், அந்த 11 பிள்ளைகளுக்கும் தங்கள் வீட்டைப் பற்றியே ஒரு தப்பான பாடம் போய்ச் சேரும். மற்ற 21 பேரும் அதை நம்பிவிடுவார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன் வேலூரில் ஒரு பள்ளிக்கு ஒப்பனா பழக்கினேன். ஆட்டம் நன்றாக வந்தது, கைதட்டலும் கிடைத்தது. மறுநாள் ஒரு சிறுமி வந்து, “எங்க அக்கா கல்யாணத்துல ஏன் மிஸ் இப்படிப் பண்ணல? மறந்துட்டாங்களா?” என்று கேட்டாள். அவள் வீட்டில் யாரும் எதையும் மறக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதன்பிறகு எந்த ஊர் ஆட்டமாக இருந்தாலும் முதல் வாரம் காலடி சொல்லிக்கொடுப்பதே இல்லை.

முதல் வாரம் வீட்டுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்தனுப்புங்கள்: “நம்ம வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்கு என்ன செய்வார்கள், அப்போது யார் பாடுவார்கள்?” 32 பேரிடமும் கேளுங்கள், முஸ்லிம் பிள்ளைகளிடம் மட்டும் கேட்காதீர்கள். நலங்கு வரும், மருதாணி வரும், மஞ்சள் வரும், பந்தக்கால் வரும். பாட்டியிடம் பாடச் சொல்லி அம்மாவின் போனில் பதிவு செய்து கொண்டுவரும் பிள்ளையும் இருக்கும். அதையெல்லாம் வகுப்பில் கேட்டு முடித்தபிறகு, “மலபாரில் இந்த நேரத்தில் இப்படிப் பாடுவார்கள்” என்று ஒப்பனாவைக் காட்டுங்கள். அப்போது அது எங்கிருந்தோ வந்த வேடிக்கையாகத் தெரியாது. தன் வீட்டில் பார்த்த ஒரு நேரத்தை வேறொரு ஊர் எப்படிக் கொண்டாடுகிறது என்று பிள்ளைக்குப் புரியும்.

பாட்டுக்கு வருவோம். ஒப்பனாவில் பாடுவது மாப்பிள்ளைப் பாட்டு. பழைய பாட்டுகளில் மலையாளம், அரபு, தமிழ், சமஸ்கிருதம், பாரசீகம் எல்லாம் கலந்து கிடக்கும். மலையாளிகளுக்கே சில வரிகள் எளிதில் பிடிபடாது, அதனால் உங்களுக்கு விளங்காததில் வியப்பில்லை. கொண்டோட்டியில் பிறந்த மோயின்குட்டி வைத்தியர் (1852–1892) இந்த மரபின் பெரிய கவிஞர். ஓர் அடி முடிகிற சொல்லில் அடுத்த அடியைத் தொடங்குகிற உத்தி இந்தப் பாட்டுகளில் உண்டு. நம் அந்தாதிதான். அதைச் சொன்னால் உங்கள் பள்ளித் தமிழாசிரியர் தானாக வந்து கூட உட்கார்ந்துகொள்வார்.

இந்தக் கலப்பு மலையாளப் பாட்டுகளை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்குப் பெயர் அரபு மலையாளம். தமிழ் முஸ்லிம்களும் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள், அது அரபுத்தமிழ். இங்கே உங்கள் வகுப்புக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மதரஸாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த எழுத்து தெரியும். மருதாணியை மலபாரில் மயிலாஞ்சி என்பார்கள், உர்துவில் மெஹந்தி. மூன்று சொல்லையும் கரும்பலகையில் தமிழில் எழுதிவிட்டு, பக்கத்தில் அரபு எழுத்தில் எழுத அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை சுண்ணக்கட்டியை வாங்கி வலமிருந்து இடமாக எழுதும்போது வகுப்பே மூச்சுவிடாமல் பார்க்கும். நான் பார்த்திருக்கிறேன்.

பொருள் சொல்ல ஆளுக்கு வேலூரில் பஞ்சமில்லை. சிஎம்சி மருத்துவமனையிலும் விஐடி பல்கலைக்கழகத்திலும் மலையாளிகள் அத்தனை பேர் இருக்கிறார்கள், மலப்புறத்துக்காரர் ஒருவராவது கிடைப்பார். பாட்டைப் போட்டுக் காட்டி வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பாட்டை முடிவு பண்ணாதீர்கள். மணவறைக்குப் போகப் போகிற பெண்ணைக் கேலி செய்கிற வரிகள் ஒப்பனாவில் சகஜம், பத்து வயசுப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். நபியைப் புகழும் பாட்டையும் ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள், பலர் மனம் வருந்தும். மயிலாஞ்சி, பூ, நகை, தோழிகளின் சந்தோஷம் என்று போகிற பாட்டாகப் பார்த்து எடுங்கள்.

ஆட்டத்தின் உயிர் கைதட்டல். கும்மி அடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி ஒப்பனா வந்தமாதிரிதான். நான் முதல் பத்து நாள் எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்கார வைத்துத் தட்ட மட்டும் சொல்வேன். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் அடங்கின ஓசை, விரித்துத் தட்டினால் பளிச்சென்ற ஓசை. இரண்டையும் காது பிரித்தறிய வேண்டும். அப்புறம் நான்கு எண்ணி, பாதிப் பேர் ஒன்றிலும் மூன்றிலும் குழித்த கை, மீதிப் பேர் இரண்டிலும் நான்கிலும் விரித்த கை. இது கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையோடு தட்டுவது. எழுந்து நிற்பதும் வட்டம் நகர்வதும் நான்காவது வாரம் போதும். காலுக்கு அதிக வேலை இல்லை, இரண்டு அடி முன்னே, இரண்டு அடி பின்னே, ஒரு மெல்லிய சாய்வு. இடுப்பை வளைக்கிற சினிமா அசைவுகளைச் சேர்க்காதீர்கள்.

பாட்டில் சாயல், முறுக்கம் என்று இரண்டு நடை. சாயல் தணிந்தது, முறுக்கம் வேகமானது. பிள்ளைகள் சாயலிலேயே ஓட ஆரம்பித்துவிடுவார்கள். “மெதுவா, மெதுவா” என்று கத்திப் பயனில்லை. பாடுகிறவர்களை குரலைத் தாழ்த்தச் சொல்லுங்கள், பாட்டைக் கேட்பதற்காகவே கைகள் தானாக நிதானப்படும்.

நீங்கள் யூடியூபில் பார்த்தது பெரும்பாலும் கேரளப் பள்ளிக் கலோத்சவப் போட்டி ஆட்டமாக இருக்கும். 1957 முதல் நடக்கிற பெரிய விழா அது. அங்கே ஒரே மாதிரி ஜரிகை உடை, கண்ணைப் பறிக்கிற நகை, வருஷக்கணக்கான பயிற்சி. அதைப் பார்த்து மலைத்துப் போய்ச் செலவு இழுத்துவிடாதீர்கள். ஒப்பனா உடை இவ்வளவுதான்: காச்சி என்கிற கரை வைத்த முண்டு, குப்பாயம் என்கிற முழுக்கைச் சட்டை, தலையில் தட்டம் என்கிற முக்காடு. கரை வேட்டியும் வெள்ளை முழுக்கைச் சட்டையும் அம்மாவின் பருத்தித் துப்பட்டாவும் போதும்.

மணப்பெண்ணாக யாரை உட்கார வைப்பது என்பதில் கவனமாக இருங்கள். சிவப்பாக இருக்கிற பிள்ளையைத்தான் கை தேடும். முஸ்லிம் பிள்ளையைத்தான் வைக்க வேண்டும் என்றும் சிலர் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். ஒத்திகைக்கு ஒருவராக எல்லோரையும் உட்கார வையுங்கள், கடைசியில் சீட்டுப் போட்டு எடுங்கள். பையன்களை ஒதுக்க வேண்டியதும் இல்லை. மணமகனைச் சுற்றி ஆண்கள் பாடுகிற ஒப்பனாவும் மலபாரில் உண்டு. துறுதுறுவென்று இருக்கிற பையன்களுக்குக் கோல்களி இன்னும் பொருந்தும், அது கோலாட்டத்துக்குப் பக்கத்து வீடு.

சில வீடுகளில் பாட்டும் ஆட்டமும் மார்க்கத்துக்கு ஒத்துவராது என்பார்கள். அதில் வாதாடப் போகாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அறிவிப்பாளர் வேலை கொடுங்கள், அல்லது கரும்பலகையில் எழுதினதைப் பெரிய அட்டையில் எழுதி மேடையில் வைக்கச் சொல்லுங்கள். வாத்தியம்தான் தயக்கம் என்றால் ஹார்மோனியமும் தபலாவும் இல்லாமல் வெறும் குரலும் கையுமாகவே ஆடலாம். கேட்கவும் அதுதான் எனக்குப் பிடிக்கும்.

மேடையில் “அடுத்து முஸ்லிம் நடனம்” என்ற அறிவிப்பு வர விடாதீர்கள். “மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்கள் கல்யாண வீட்டில் பாடி ஆடுகிற ஒப்பனா” என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். அதற்கு முன் மூன்று பிள்ளைகள் வந்து, தங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்ன நடக்கும் என்று ஆளுக்கு ஒரு வரி சொல்லட்டும். உர்து பேசுகிற வீடு ஒன்று, தமிழ் பேசுகிற முஸ்லிம் வீடு ஒன்று, வேறு வீடு ஒன்று. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

உங்களிடம் வந்து பேசிய அந்த அம்மாவை விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அவர் வீட்டு வழக்கப்படியே மருதாணி வைத்துவிடச் சொல்லுங்கள். விழா அன்று காலையில் வைத்தால் சிவக்காது.