தாத்தாவின் கொரியா டைரியைப் போர்ப் பதிவுகளோடு பொருத்துவது எப்படி?

கேள்வி: என் தாத்தா இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸில் நர்சிங் ஆர்டர்லி. 1951-ல் கொரியாவில் இருந்தார். அவருடைய பாக்கெட் டைரியில் தேதியும் ஊர்ப் பெயரும்தான் இருக்கின்றன. கொரியப் போரின் நாள்வாரிப் பதிவுகளைப் புரட்டினால் அவர் யூனிட் பெயரே வருவதில்லை, பாதி ஊர்கள் மேப்பிலும் இல்லை. எப்படிப் பொருத்துவது?

பதில்: முதலில் யூனிட் பெயரைத் தேடுவதை நிறுத்துங்கள். நாள் அறிக்கைகளில் பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன் எங்கே நகர்ந்தன என்றுதான் எழுதுவார்கள். ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது வண்டி அல்ல, முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட மருத்துவ யூனிட். அது யாரோடு இணைக்கப்பட்டதோ அவர்கள் பின்னாலேயே போகும். உங்கள் தாத்தாவின் யூனிட் 1950 டிசம்பர் நடுவிலிருந்து பிரிட்டனின் 27-வது பிரிகேடோடு இருந்தது. 1951 ஏப்ரல் கடைசியில் அந்த இடத்துக்கு 28-வது பிரிகேடு வந்தது. ஜூலை 28 முதல் அது 1-வது காமன்வெல்த் டிவிஷனில் சேர்ந்தது. இந்த மூன்று பெயர்களில் தேடுங்கள்.

அப்புறம், யூனிட் இரண்டாகப் பிரிந்து வேலை செய்தது. யூனிட்டின் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜோடு ஒரு பகுதி போர்முனையில். இன்னொன்று தேகு நகரத்து ஆஸ்பத்திரிகளில். டைரியில் தேகு, தேகு என்றே வந்தால் தாத்தா இரண்டாவது பகுதியில் இருந்திருக்கலாம். பிரிகேடின் நகர்வுகளோடு அந்தப் பக்கங்களை மல்லுக்கட்டிப் பொருத்த வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1951 மார்ச் 23 அன்று ‘முன்சான்’ என்று எழுதியிருந்தால் பிரிகேடு பதிவில் அது கிடைக்காது. அன்று அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படை சியோலுக்கு வடக்கே முன்சான்-னியில் பாராசூட்டில் குதித்தது. அவர்களோடு ரங்கராஜ் உட்பட நம்மவர் 12 பேரும் குதித்தார்கள். ‘ஆபரேஷன் டோமஹாக்’ என்று தேடிப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டில் உங்கள் தாத்தா ஒருவர் என்றால், டைரியை உடனே ஸ்கேன் செய்து வையுங்கள்.

ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். கடைசியில் வரும் ‘னி’, ‘ரி’ எல்லாம் கிராமம் என்று பொருள்படும் ஒட்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தென் கொரியா 2000-ல் மாற்றியது. பழைய Pusan (பூசான்) இன்று Busan, Taegu (தேகு) இன்று Daegu, Kapyong (காப்யோங்) இன்று Gapyeong. சில பெயர்கள் ஜப்பானிய வரைபடத்திலிருந்து வந்தவை. போர் வரலாற்றில் ‘சோசின்’ ஏரி என்று வருவது கொரியர்களுக்கு ஜாங்ஜின். ஊரே இல்லாமல் வெறும் எண் இருந்தால் அது பெரும்பாலும் குன்று, எண் அதன் உயரம் மீட்டரில். 27-வது பிரிகேடு போரிட்ட காப்யோங் சண்டையில் ஆஸ்திரேலியர்கள் 504-லும் கனடாக்காரர்கள் 677-லும் நின்றார்கள்.

தேதிதான் அதிகம் குழப்பும். 1950 ஜூன் 25 விடிகாலை போர் தொடங்கியபோது வாஷிங்டனில் 24-ம் தேதி பிற்பகல். அமெரிக்கத் தந்திகளில் ஒரு நாள் முந்தித் தெரிவது பிழை அல்ல. செய்தியின் தலைப்பில் 230900 போல ஆறு இலக்கம் வந்தால் முதல் இரண்டு தேதி, மீதி நேரம். பின்னால் ‘ஐ’ எழுத்து இருந்தால் கிரீன்விச்சுக்கு 9 மணி முந்திய நேரம், ‘இசட்’ என்றால் கிரீன்விச் நேரமே. இரவுச் சண்டைகள் இரண்டு தேதிகளில் விழும். காப்யோங்கே ஏப்ரல் 23 இரவு தொடங்கி 25 வரை போனது. அதனால் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்தே படியுங்கள்.

எங்கே படிப்பது? 27-வது பிரிகேடில் இருந்த ஆஸ்திரேலிய 3-வது பட்டாலியனின் போர் டைரிகளை (படைப்பிரிவின் அதிகாரப்பூர்வ நாள் பதிவுகளை) ஆஸ்திரேலியப் போர் நினைவகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குவது சுலபம். காமன்வெல்த் டிவிஷனின் டைரிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 281 வரிசையில்.

இவ்வளவு பார்த்த பிறகும் ஒரு நாள் இடிக்கலாம். ஸ்ட்ரெச்சர் தூக்கிவிட்டு, தூங்கி எழுந்து மறுநாள் எழுதியிருப்பார். அவர் எழுதியதைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் தனித் தாளில் உங்கள் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.