மகளுக்கான ஸ்காலர்ஷிப் எங்கே இருக்கிறது?

கேள்வி: வணக்கம் சார். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் டாலர். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் இங்கேயே பிறந்தவள், பதினோராம் வகுப்பு. ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) 3.9, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1480. அவள் பெயரில் 529 கணக்கில் (படிப்புச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) 80,000 டாலர் இருக்கிறது. மகன் எட்டாம் வகுப்பு. ஒரு தனியார் கல்லூரியின் இணையதளத்தில் எங்கள் விவரங்களைப் போட்டுப் பார்த்தோம். உதவி பூஜ்யம், வருடச் செலவு 88,000 என்று வந்தது. "நல்ல மார்க் இருக்கிறதே, ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகளும் இரண்டு மாதமாக ராத்திரி உட்கார்ந்து கட்டுரை எழுதி ஒவ்வொரு அமைப்புக்கும் அனுப்புகிறாள். இதுவரை கிடைத்தது 500 டாலர். இப்போது ஒரு கன்சல்டன்ட் 4,500 டாலர் கொடுத்தால் ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தூக்கத்தை விட்டு எழுதி 500 டாலர் வாங்கியிருக்கிறாள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரிய பணம் அங்கே இல்லை. உங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய பணம் பெரும்பாலும் கல்லூரிகளின் கையில்தான் இருக்கிறது. வெளி அமைப்புகள் தருவது பெரும்பாலும் ஐந்நூறு, ஆயிரம், அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு. பெரிய தொகை தரும் கோகோ கோலா ஸ்காலர்ஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20,000 டாலர், வருடத்துக்கு 150 பேருக்கு. நாடு முழுக்க இருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் வெறும் 150 பேர்! முயற்சி செய்து பார்க்கலாம். ஆனால் அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது.

அதனால் உங்கள் மகள் விஷயத்தில் ஸ்காலர்ஷிப் தேடுவது என்பது கல்லூரி தேடுவதுதான். எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போகிறது என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடும்.

கல்லூரி உதவி இரண்டு வகை. ஒன்று குடும்பத்தின் வசதியைப் பார்த்துத் தருவது. இன்னொன்று மெரிட், அதாவது பிள்ளையின் தகுதியைப் பார்த்துத் தருவது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. எம்ஐடியும் அப்படித்தான். அங்கே எல்லாமே வசதியைப் பார்த்துத்தான். ஹார்வர்ட் 2025-26 முதல் 2 லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. உங்கள் வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இப்படி நடுவில் மாட்டிக்கொள்கிற குடும்பங்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகின்றன. உதவி கேட்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, 88,000 டாலரை நாலு வருடம் எடுத்து வைக்கும் அளவுக்குப் பணக்காரரும் இல்லை.

அப்படியானால் மெரிட் யார் தருகிறார்கள்? வேறு இடத்துக்குப் போய்விடக்கூடிய நல்ல மாணவரைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும் கல்லூரிகள். பெயர் பரிசு என்றாலும் உள்ளே இருப்பது விலைக் குறைப்பு. லாப நோக்கில்லாத தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் தள்ளுபடி, சராசரியாகப் பார்த்தால், போட்டிருக்கும் கட்டணத்தில் பாதிக்கும் மேல். ஆடி மாதத்து ஜவுளிக்கடை மாதிரி, அட்டையில் இருக்கும் விலையைக் கொடுப்பவர்கள் குறைவு.

உங்கள் மகள் எங்கே இந்த விலைக் குறைப்பைப் பெறுவாள்? அங்கே சேரும் மாணவர்களில் மேல் கால்பகுதிக்குள் அவள் வரும் இடத்தில். இதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வருடாவருடம் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 பகுதியில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி மதிப்பெண் வரம்பு இருக்கும். 75 சதவீதப் புள்ளி (முக்கால்வாசிப் பேர் இதற்குக் கீழே) 1450 என்றால் உங்கள் மகள் அங்கே மேலே நிற்கிறாள். 1560 என்றால் அவர்களுக்கு அவள் பத்தோடு பதினொன்று. அப்புறம் ஹெச்2ஏ பகுதிக்குப் போங்கள். நிதித் தேவை இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். ஒரு பேச்சுக்கு, முதலாண்டில் 1,000 பேர் உள்ள கல்லூரியில் 350 பேருக்குச் சராசரி 24,000 டாலர் கொடுத்திருந்தால், அங்கே அது சாதாரண நடைமுறை. 15 பேருக்கு மட்டும் 40,000 கொடுத்திருந்தால் அது லாட்டரி. நான் பார்த்தவரை பெற்றோர் பத்துப் பேரில் ஒருவர்கூட இந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. கன்சல்டன்ட்டுகள் திறந்திருக்கிறார்கள், அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. 80,000 டாலரை நாலு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 20,000. சம்பளத்திலிருந்து வருடம் 15,000 எடுத்து வைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம் (மகனும் பின்னால் வருகிறான், அதற்கு மேல் இழுக்காதீர்கள்). மொத்தம் 35,000. மகள் பெயரில் கிடைக்கும் மத்திய அரசின் நேரடிக் கடன் முதல் வருடம் 5,500, அடுத்து 6,500, பிறகு 7,500 வீதம், நாலு வருடத்துக்கு 27,000. உங்கள் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் தங்குமிடம், சாப்பாடு உள்பட ஏறத்தாழ 35,000-இலிருந்து 40,000-க்குள் வருகிறது. ஆக, ஸ்காலர்ஷிப் எதுவுமே கிடைக்காவிட்டாலும் உங்களுக்கு ஒரு நல்ல கல்லூரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு கடிதத்தையும் இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

88,000 டாலர் கல்லூரி 30,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று அழகான உறையில் கடிதம் அனுப்பும். வீட்டில் பாயசம் வைப்பீர்கள். கட்ட வேண்டியது இன்னும் 58,000. 52,000 டாலர் கல்லூரி 18,000 கொடுத்தால் பாயசம் வைக்க யாருக்கும் தோன்றாது, ஆனால் அங்கே கட்ட வேண்டியது 34,000. மீதி எவ்வளவு என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

மெரிட்டிலும் இரண்டு விதம். சில பல்கலைக்கழகங்கள் ஜிபிஏவும் எஸ்ஏடியும் இவ்வளவு என்றால் இவ்வளவு பணம் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கின்றன. அலபாமா பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் போனது. அட்டவணை உள்ள இடங்களில் 1480, 1510 ஆவதற்கே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரலாம். அதனால் இரவில் எழுதும் அடுத்த பத்துக் கட்டுரைகளை நிறுத்திவிட்டு, ஆகஸ்ட் மாத எஸ்ஏடிக்குப் படிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல கூலி வேறு எங்கும் கிடைக்காது.

இன்னொரு விதம் போட்டி. யூஎஸ்சியின் (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டிரஸ்டி ஸ்காலர்ஷிப் முழுக் கல்விக் கட்டணத்தையும், பிரசிடென்ஷியல் பாதியையும் தருகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் டிரஸ்டி என்ற பெயரில் முழுக் கட்டண ஸ்காலர்ஷிப் இருக்கிறது. இவற்றில் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். யூஎஸ்சிக்கு நவம்பர் 1, பாஸ்டனுக்கு டிசம்பர் 1. ஜனவரியில்தானே கடைசி நாள் என்று உட்கார்ந்திருந்தால் சேர்க்கை கிடைக்கும், பணம் கிடைக்காது. டெக்சஸில் இன்னொரு வசதி உண்டு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் போட்டி மூலம் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கும் வெளிமாநில மாணவரிடம் உள்ளூர்க் கட்டணமே வாங்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஆயிரத்தின் உண்மையான மதிப்பு அதைவிடப் பல மடங்கு.

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறைகளில் எர்லி டிசிஷன் வேண்டாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, உங்களுக்கு விலை குறைக்க அவர்களுக்கு என்ன அவசரம்? எர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டு இல்லை, அதில் போகலாம். மார்ச்சுக்குள் எல்லாக் கடிதங்களும் வந்துவிடும். ஒரே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால், அந்தக் கடிதத்தை இணைத்து, பணிவாக ஒரு மின்னஞ்சல் போட்டு மறுபரிசீலனை கேளுங்கள். சிலர் முடியாது என்பார்கள், சிலர் இரண்டாயிரம் மூவாயிரம் ஏற்றித் தருவார்கள். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும், ஏப்ரல் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

அடுத்தது என் வீட்டில் நடந்தது. மூத்த மகனுக்கு வருடம் 16,000 டாலர் ஸ்காலர்ஷிப் வந்தபோது, ஊருக்கெல்லாம் பண ஆலோசனை சொல்லும் நான், கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. ஜிபிஏ 3.25-க்குக் கீழே போனால் ரத்து என்று அதில் இருந்தது. பொறியியல் முதல் வருடத்தில் கால்குலஸும் இயற்பியலும் சேர்ந்து அவனை 3.1-இல் இறக்கின. இரண்டாம் வருடப் பில் வந்தபோதுதான் எனக்குத் தெரியும். அவனைத் திட்டுவதா, என்னைத் திட்டிக்கொள்வதா என்று அன்று முழுக்கத் தெரியவில்லை. 3.0 கேட்டால் சமாளிக்கலாம். 3.5 கேட்டால், குறிப்பாக பொறியியலுக்கோ ப்ரீ-மெடுக்கோ (மருத்துவக் கல்லூரிக்கான முன்படிப்பு) போகிற பிள்ளையென்றால், அந்தப் பணத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுங்கள். நாலு வருடத்துக்கும் உண்டா, பாடப்பிரிவு மாறினால் என்ன ஆகும், வெளியே கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பைக் கூடவே சேர்ப்பார்களா அல்லது தங்கள் தொகையில் கழிப்பார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தை, உதவி கிடைக்காது என்று தெரிந்தாலும் நிரப்புங்கள். நேரடிக் கடனுக்கு அது வேண்டும், சில கல்லூரிகள் மெரிட்டுக்கும் கேட்கின்றன. பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதிய பிஎஸ்ஏடிதான் (எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) நேஷனல் மெரிட் என்ற தேசிய ஸ்காலர்ஷிப்புக்கான வாசல். ஆனால் நியூ ஜெர்சியின் கட்-ஆஃப் நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் இருக்கும், நேரடியாகக் கிடைப்பதும் ஒருமுறை 2,500 டாலர்தான். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தரும் சலுகையில்தான் பெரிய பணம். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடனுக்கு, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு, வருடம் 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படும் கல்லூரி உங்களுக்கான கல்லூரி இல்லை என்பது என் கட்சி. பெரிய ஸ்காலர்ஷிப் கிடைத்து 529-இல் பணம் மிஞ்சினால் பயம் வேண்டாம். மகன் பெயருக்கு மாற்றிவிடலாம். ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு வெளியே எடுத்தாலும் 10 சதவீத அபராதம் கிடையாது, வளர்ச்சிக்கு மட்டும் வருமான வரி உண்டு.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி ஊழியர்களின் குடும்பத்துக்கானது) பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். மத்திய அரசின் உதவியும் கடனும் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. கல்லூரி தன் பணத்தில் தரும் மெரிட் பல இடங்களில் கிடைக்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் மகளுக்குத் தெரியுமா? அவள் மனதில் ஏற்கெனவே ஒரு பெரிய பெயர் உட்கார்ந்திருக்கும். வருடத்துக்கு 35,000, கொஞ்சம் கடனோடு 40,000, அதற்கு மேல் முடியாது என்று இந்த வாரமே உட்காரவைத்துச் சொல்லுங்கள். சேர்க்கை கிடைத்த பிறகு ஏப்ரலில் சொன்னால் அந்த அழுகையை உங்களால் தாங்க முடியாது. அவளையே அந்த ஹெச்2ஏ பக்கங்களைத் திறந்து பத்துக் கல்லூரி தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது மகள் இதை என்னைவிட வேகமாகச் செய்தாள்.

கடைசியாக அந்த கன்சல்டன்ட். ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்படிச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே சொல்கிறது. அந்த 4,500 டாலரை மகனின் 529 கணக்கில் போட்டுவிடுங்கள்.