பயம் வேறு, தேவபயம் வேறு

சகோதரி, ஒருநாள் ஜெபம் தவறினாலே தண்டனை வருமோ என்று நடுங்குவதாகவும், 1 யோவான் 4:18 'அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்பதால் தேவபயமே வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பேச்சு நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. தள்ளப்படுவது தண்டனை பயம்தான்.

யாத்திராகமம் 20:20-ஐயும் பாருங்கள். 'பயப்படாதிருங்கள்' என்று சொன்ன மோசே, பாவம் செய்யாதபடிக்கு தேவபயம் வேண்டும் என்று அதே மூச்சில் சொல்கிறார். முதலாவது, சீனாய் மலையில் இடிமுழக்கத்தையும் மின்னலையும் கண்ட ஜனங்களை விலகி நிற்க வைத்த பயம். மற்றது பாவத்தை விட்டு விலக வைப்பது. எனக்கு இது புரியவே பல வருஷம் ஆனது!

சங்கீதம் 130:4 இன்னும் வியப்பு: தேவனிடம் மன்னிப்பு இருப்பதால்தான் அவருக்குப் பயப்படுகிறோமாம். சரி, ஜெபம் தவறிய நாளில் ஒளியாமல் அதையே அவரிடம் சொல்லிப் பாருங்கள்.