திருநங்கையர் வரலாற்றை நாமே சேகரித்து வைக்க முடியுமா?

அரசு ஆவணக் காப்பகம் இருக்கும்போது திருநங்கையருக்கும் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும் தனியாக ஒன்று எதற்கு, உங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்தால் இது நடக்குமா, கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் பேட்டி எடுத்துத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடக்கும். சீக்கிரம் தொடங்குங்கள்.

அரசுக் காகிதங்களிலும் நாங்கள் இருக்கத்தான் செய்கிறோம், ஆனால் எப்படி இருக்கிறோம் என்று பாருங்கள். 1871-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் ஹிஜ்ராக்களின், அதாவது அங்குள்ள திருநங்கையரின், பெயரையும் சொத்தையும் பதிவேட்டில் ஏற்ற வைத்தது. பிறகு போலீஸ் வழக்குக் கட்டுகள், எய்ட்ஸ் தடுப்புத் திட்ட அறிக்கைகள், தமிழ்நாட்டில் 2008-ல் நல வாரியம் வந்ததும் பயனாளிப் பட்டியல். ஒருவர் யாரைக் குருவாக ஏற்றார், பிறந்த வீட்டை விட்டு வந்த முதல் ராத்திரி எங்கே தூங்கினார், எந்தச் சேலாவுக்கு, அதாவது சீடப் பெண்ணுக்கு, தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார் என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் கிடையாது. அது ஏதோ ஒரு நானியின், குருவுக்கே குருவான மூத்தவரின், தகரப் பெட்டியில் கிடக்கிறது.

அந்த நானி இறந்ததும், அதுவரை எட்டியே பார்க்காத பிறந்த வீட்டார் வந்து உடலை எடுத்துப் போய் ஆண் பெயரில் காரியம் செய்வார்கள், வீட்டுக்காரர் அறையைக் காலி செய்வார், ஆல்பம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இதைப் பார்த்திருக்கிறேன், இன்னும் ஆறவில்லை. அதனால்தான் கட்டடம், இணையதளம் என்று யோசிப்பதற்கு முன்னால் வயதானவர்களிடம் போங்கள் என்கிறேன்.

போனதும் "உங்களுக்கு எப்போது தெரிந்தது" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கேள்வியை அவர்களிடம் ஆயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு போட்டோவைக் கையில் கொடுத்து, "பக்கத்தில் நிற்பது யாரும்மா" என்று கேளுங்கள். மும்பை போன கதை, விழுப்புரத்தில் எந்த லாட்ஜ் ரூம் கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதெல்லாம் தானாக வரும். மிஸ் கூவாகம் நோட்டீஸ், ஸ்டுடியோ போட்டோ, கடிதம், கேசட், வாரியத்தின் முதல் அடையாள அட்டை என்று எதையும் அற்பமாக நினைக்க வேண்டாம். ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் படத்தைப் பிய்த்து எடுக்காமல் தாளோடு ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒருவரிடம் இருக்கும் ஒரே படத்தை வாங்கி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

சம்மதத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து வாங்குவது போதாது, படம் படமாகக் கேட்க வேண்டும். ஒரு படத்தில் விட்டுவந்த பழைய பெயர் இருக்கும், இன்னொன்றில் தோளில் கை போட்டு நிற்பவருக்கு இன்று மனைவி, பேரன் எல்லாம் இருப்பார்கள். "என் காலத்துக்கு அப்புறம் காட்டு" என்றால் அப்படியே பூட்டி வையுங்கள், கொடுத்ததைத் திரும்பக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். பத்திரமாக வைப்பதும் முக்கியம். பெர்லினில் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-ல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் சூறையாடி, சில நாளில் அதன் நூலகப் புத்தகங்களைப் பொதுச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். பிரதிகள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, பெயர்ப் பட்டியல் யார் கையிலும் கிடைக்கிற மாதிரியும் இருக்கக் கூடாது.

இன்னொன்று. திருநங்கையருக்கு ஜமாத் என்ற குரு-சேலா கூட்டமைப்பு இருக்கிறது, அதனால் பெட்டியாவது மிஞ்சுகிறது. திருநம்பிகளுக்கும் பெண்ணை நேசித்த பெண்களுக்கும் பெரும்பாலும் அதுவும் இல்லை, தோழிகள் இருவர் தற்கொலை என்ற பத்திரிகைச் செய்தியின் நாலு வரிதான் பல பேருக்கு மிச்சம். அவர்களைத் தனியாகத் தேடிப் போகாவிட்டால் நம் காப்பகத்திலும் இல்லாமல் போவார்கள்.

மதுரையில் பிரியா பாபு நடத்தும் திருநங்கையர் ஆவண மையத்தையும், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் உள்ள 'கம்ரா' காப்பகத்தையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கூவாகத்தில் பேட்டி வேண்டாம். சித்திரையில் அங்கே வருபவர்களை ஏற்கெனவே போதுமான கேமராக்கள் துரத்துகின்றன. வணக்கம் சொல்லிப் பழகுங்கள், போன் நம்பர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அரவானுக்காகக் கட்டிய தாலியை அறுத்து வெள்ளைப் புடவையோடு ஊர் திரும்பிய களைப்பெல்லாம் தீர்ந்த பிறகு வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள்.