ஸ்பானர் அவன் கையிலேயே இருக்கட்டும்: கேள்வி பதில்

வடசென்னை மணலியில ஒரு ஆலையில 31 வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தேன். அதுல கடைசி 9 வருஷம் புது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆட்களுக்குக் கத்துக்கொடுத்து வேலை வாங்கறதைப் பத்தி நீங்க அனுப்பின கேள்விகளுக்கு அந்த அனுபவத்துல இருந்து பதில் சொல்றேன்.

எண்ணூர்: அண்ணே, நான் நல்ல வெல்டர். மூணு மாசமா சூப்பர்வைசர். பசங்க வேலை சரியா வராததால நானே உக்காந்து செஞ்சிடறேன். வீட்டுக்குப் போக ராத்திரி ஒன்பது ஆகுது.

பதில்: தம்பி, இதே தப்பை நானும் பல வருஷம் செஞ்சேன். ஒருநாள் ஒரு பம்ப் அதிர்ந்துகிட்டே இருந்துச்சு. பம்பும் மோட்டாரும் நேர்கோட்டுல இருக்கான்னு பையன் மூணு தடவை அலைன்மென்ட் பார்த்தும், நகர்வை அளக்கற டயல் கேஜோட முள் நிக்கல. ஸ்பானரைப் பிடுங்கப் போன கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, “எந்த போல்ட்டைத் தொட்டா முள் ஓடுது?”ன்னு மட்டும் கேட்டேன். பேசாம நின்னான். அந்த அரை நிமிஷம் வாயை மூடிட்டு இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஒவ்வொரு போல்ட்டாத் தளர்த்திப் பார்த்தான். “அண்ணே, மெஷினோட இந்த ஒரு கால் மட்டும் பேஸ்ல உக்காரல.” இடைவெளியை அடைக்க மெல்லிசா ஒரு ஷிம் தகடு வச்சான், முள் நின்னுடுச்சு. அடுத்த பம்ப்புக்கு என்னைக் கூப்பிடவே இல்ல. நாளைக்கு ஒரே ஒரு ஜாயின்ட்டை ஒருத்தன்கிட்ட விட்டுட்டு, பக்கத்துல நின்னு கேளுங்க. வெல்டிங் டார்ச்சை மட்டும் அவன் கையில இருந்து வாங்காதீங்க.

ராயபுரம்: சார், ஷிப்பிங் ஆபீஸ்ல டீம் லீடரா இருக்கேன். தப்பை உடனுக்குடன் சொல்றேன். ஆனா டீம்ல ஒரு பொண்ணு கன்டெய்னர் நம்பர் போடறதுல முன்னைவிட அதிகமாத் தப்பு பண்றா.

பதில்: நடக்கும்மா. க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1996-ல பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. நிறைகுறை சொல்றதால சராசரியா வேலை மேம்பட்டாலும், மூணுல ஒரு பங்குக்கு மேல இடங்கள்ல மோசமாயிருக்கு. ‘நான் லாயக்கில்லையோ’ன்னு மனசு தன் பக்கம் திரும்பிட்டா வேலை கெடும்ங்கிறது அவங்க விளக்கம். அதனால “நீ எப்பவும் கவனமில்ல”ன்னு சொல்லாதீங்க. கன்டெய்னர் நம்பரோட கடைசி இலக்கமே, முன்னாடி இருக்கறது சரியான்னு கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் இருக்கு. “அதைப் போட்டுப் பார்த்தியாம்மா?”ன்னு தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. நம்ம ஏரியா பாக்ஸிங்கைப் பாருங்க. ரவுண்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம்தான். நல்ல கோச் “இடது கையைத் தூக்கு”ன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்புவார்.

வியாசர்பாடி: புதுப் பையனுக்கு மெஷின் கத்துக்கொடுக்க ஏதாவது முறை இருக்கா?

பதில்: இருக்கு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, புதுசா வந்த ஆட்களை வச்சு ஆலையை ஓட்ட அமெரிக்காவுல உருவாக்கின முறை. முதல்ல அவன் பயத்தைப் போக்கணும், அப்புறம் செஞ்சு காட்டணும், அவனைச் செய்ய வச்சு ஏன்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கணும், பிறகு அப்பப்போ போய்ப் பார்க்கணும். நம்ம ஆளுங்க ரெண்டாவதோட நிறுத்திடறாங்க. அவன் கத்துக்கலன்னா நாம கத்துக்கொடுக்கலன்னு அர்த்தம்னு அந்தப் பயிற்சியிலயே சொல்வாங்க. எனக்கு அதுல முழு நம்பிக்கை.

பெரம்பூர்: ரெண்டு நாள் லீடர்ஷிப் வகுப்புக்கு அனுப்பறாங்க. பிரயோஜனம் உண்டா?

பதில்: போங்க. திரும்பி வந்ததும் உங்க மேனேஜர்கிட்ட, வாரம் ஒருதரம் பத்து நிமிஷம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்க. அதைப் பத்தி யாரும் உங்ககிட்ட கேட்டுப் பேசலன்னா கத்துக்கிட்டது ஒரு மாசம்கூடத் தங்காது.

திருவொற்றியூர்: எப்பவும் கேள்வியே கேட்டுட்டு இருக்க முடியுமா அண்ணே?

பதில்: முடியாது. கேஸ் கசியும்போது என்ன கேள்வி? “வால்வை மூடு, வெளிய ஓடு”ன்னு கத்துங்க. எல்லாரும் பத்திரமா வெளிய வந்த பிறகு, டீ வாங்கிக் கொடுத்துட்டு, யார் முதல்ல வாசனை பிடிச்சதுன்னு கேளுங்க.